பள்ளி மூடிய நாட்களில்

ஏப்ரல் பிறந்துவிட்டால் நுவரெலியா நகரத்துக்கு ஒரு புதுக் களை வந்துவிடும். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகரி வாவியில் படகுச் சவாரி, கொழும்பிலிருந்து வந்து குவியும் வாகனங்கள் என்று ஊரே திருவிழாக்கோலம் பூணும். இதனைச் 'சீசன்' என்று நாம் அழைக்கிறோம். வெள்ளைக்காரர் கீழ்நாட்டு வெக்கைக்குத் தப்பி மலைக்கு வந்து தங்கிய காலத்து வழக்கம் அது. அவர்கள் போய் இத்தனை ஆண்டுகளாகியும், விடுமுறை கழிக்கும் ஊர் என்ற பெயர் நுவரெலியாவை விட்டுப் போகவில்லை.

அதே ஏப்ரலில்தான், சித்திரைப் புத்தாண்டையொட்டி, சுற்றியுள்ள தோட்டப் பாடசாலைகளின் கதவுகளும் மூடப்படுகின்றன. தமிழகத்தார் கோடை விடுமுறை என்பதை நாம் தவணை விடுமுறை என்கிறோம். மேற்குச் சரிவுத் தோட்டங்களில், மாசி பங்குனி வெயிலில் காய்ந்து நின்ற தேயிலை, அதன்பின் விழும் மழையில் குபுகுபுவென்று தளிர்க்கும் மாதங்களும் இவையே. கொழுந்து அதிகமானால் வேலையும் அதிகம். ஞாயிற்றுக்கிழமையில் கைக்காசுக் கொழுந்துக்கும் ஆள் வேண்டும். தாய் மலையில் நிற்பாள், பிள்ளை லயத்தில் நிற்கும். மூத்தது இளையதைப் பார்த்துக்கொள்ளும், விறகு பொறுக்கும், பீலிக்கரையில் தண்ணீர் பிடித்து வரும். தவணை முழுவதும் சேர்த்த எழுத்து அந்த நாட்களில் என்னவாகிறது?

நேயர்களே, இது ஏதோ ஆசிரியர்களும் பெற்றோரும் பேசிக்கொள்ள வேண்டிய விடயம், இலக்கியத் தொடரில் இதற்கென்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் மலையகத்தின் இலக்கிய வரலாற்றையே இந்தக் கேள்வியை முன்வைத்துப் படித்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். ஏனெனில், எம்மவருக்குப் பள்ளிக்கூடம் திறந்திருந்த நேரத்தை விட மூடியிருந்த நேரமே அதிகம். அந்த மூடிய நேரத்தில் எழுத்து எப்படி உயிரோடிருந்தது என்பதே எமது எழுத்தின் கதை.

கோப்பிக் காலத்தில் பள்ளி என்ற பேச்சே இல்லை. 1820களில் தொடங்கிய பெருந்தோட்டங்களுக்குத் திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் பருவத்துக்கு வந்து பருவத்துக்குத் திரும்பினார்கள். தேயிலை வந்த பின்னர்தான் குடும்பம் குடும்பமாக நிலைத்துத் தங்கினார்கள். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். சின்னக் கைகளுக்கும் அதில் வேலை இருந்தது. எழுத்தறிந்த ஒருவரை அழைத்து வந்து, லயத்து இஸ்தோப்பிலோ மரத்தடியிலோ பிள்ளைகளை உட்கார வைத்து, அரிச்சுவடியும் ஆத்திசூடியும் சொல்லிக்கொடுக்கச் செய்த பெரிய கங்காணிமாரும் இருந்தார்கள். ஊர்த் திண்ணைப் பள்ளியைக் கப்பலேற்றிக் கொண்டுவந்ததுபோல! மணலில் விரலால் எழுதிப் பழகிய படிப்பு அது. 1854ஆம் ஆண்டு 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற பெயரில் தொடங்கிய கிறிஸ்தவத் திருப்பணியும் தோட்டங்களில் பள்ளிகளை ஏற்படுத்தியது. பெயரிலேயே கூலி இருக்கிறது. அக்காலத்தார் அதைக் கூச்சமின்றி எழுதினார்கள்.

சட்டம் வந்தது 20ஆம் நூற்றாண்டில். 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியை நிர்வாகத்தின் பொறுப்பில் வைத்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கத் தோட்டத்தைக் கட்டாயப்படுத்தியது. அந்த வயதுப் பிள்ளைகளைக் காலை 10 மணிக்கு முன்பு வேலையில் ஈடுபடுத்தக்கூடாது என்றும் விதித்தது.

இந்தப் பத்து மணியைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். பத்து மணி வரை பிள்ளை மாணவன். பத்து மணிக்குப் பின் அவனை மலைக்கு அனுப்புவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆறு வயதில் தொடங்கிப் பத்து வயதில் முடிந்துவிடும் படிப்பு, அதுவும் காலைப்பொழுதில் சில மணி நேரம், ஒரே ஆசிரியர், ஒரே மண்டபத்தில் எல்லா வகுப்பும். ஓர் ஆயுளில் இதை எடுத்துவிட்டால் மிச்சமெல்லாம் விடுமுறைதான். ஓய்வில்லாத விடுமுறை!

பத்து வயதில் சிலேட்டைக் கீழே வைத்த பிள்ளை இருபது வயதில் எழுத்தை மறந்திருக்க வேண்டும். பலர் மறந்தார்கள். மறக்காதவர்கள் எப்படி மறக்காமலிருந்தார்கள்? இதற்கு விடை பள்ளிப் பதிவேட்டில் கிடைக்காது. லயத்தின் இரவுகளில்தான் தேட வேண்டும்.

'பெரிய எழுத்து'ப் புத்தகங்களைப் பழைய தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். அல்லியரசாணி மாலை, நல்லதங்காள் கதை, மதுரை வீரன் கதை என்று சென்னையில் அச்சாகி, மட்டமான தாளில், கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் எழுத்துகளோடு வந்தவை. மங்கிய விளக்கில் வாசிக்க அந்தப் பெரிய எழுத்து எவ்வளவு உதவியாயிருந்திருக்கும்! பெரட்டுக்கு விடியற்காலை எழ வேண்டியவர்கள் இரவில் ஓர் இஸ்தோப்பில் கூடுவார்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவர் இராகமிட்டு வாசிப்பார். நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் போடும் இடம் வந்தால் பெண்கள் அழுவார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்குக் கதை மனப்பாடமாகிவிடும். பிறகு புத்தகம் கையில் கிடைத்தால், தெரிந்த வரியைக் கண் தேடிப் பிடிக்கும். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி வேறென்ன?

மாசி மாதத்துக் காமன் கூத்தும், பொன்னர் சங்கரும், அருச்சுனன் தபசும் இதே வேலையை வேறு வகையில் செய்தன. கூத்து வாத்தியாரின் கொப்பியிலிருந்து பாட்டைப் பிரதி செய்வதும், நாட்கணக்காக ஒத்திகை பார்த்து மனனம் செய்வதும் ஒரு கல்விதான். தேர்வு மட்டும் இல்லை. இந்தக் கூத்துகளையெல்லாம் 'நாட்டார் கலை' என்று ஏட்டில் ஏற்றி வைத்துவிட்ட நாம், பள்ளியில்லாத மக்களுக்கு அவை பள்ளியாகவும் இருந்தன என்பதை அதிகம் பேசுவதில்லை.

கதை கேட்பது ஒன்று, காகிதத்தை வாசித்தே ஆகவேண்டிய நெருக்கடி மற்றொன்று. தோட்டத் தொழிலாளி முதன்முதலில் அஞ்சிய காகிதம் 'துண்டு'. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவனை விடுவிப்போம் என்று துரை எழுதித்தரும் சீட்டு அது. அந்தக் கடன் எப்படி ஏறியது, யார் பேரில் எவ்வளவு எழுதப்பட்டது என்று வாசித்தறிய முடியாதவர்கள் தலைமுறை தலைமுறையாக அதற்குக் கட்டுப்பட்டுக் கிடந்தார்கள். துண்டுமுறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. ஆனால் செக்றோல் ஒழியவில்லை. முழுப்பேரா, அரைப்பேரா என்பதைக் கணக்கப்பிள்ளை எழுதும் அந்தப் புத்தகம்தான் சம்பளத்தைத் தீர்மானித்தது.

இந்தக் கட்டத்தில்தான் கோ. நடேசய்யர் வருகிறார். தஞ்சாவூர்ப் பக்கத்தவர். 1915இல் முதன்முறையாக இலங்கைக்கு வந்தபோது, வெளியாள் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரி வேடத்தில் புகுந்து மக்களின் நிலையைக் கண்டவர். 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1931இல் ஹட்டனைத் தமது இருப்பிடமாக்கிக்கொண்டு தொழிற்சங்கம் அமைத்தார். அவரைத் தொழிற்சங்கத் தந்தை என்கிறோம், பத்திரிகையாளர் என்கிறோம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பள்ளியை விட்டு வெளியேறிவிட்ட ஒரு சமூகத்துக்கு வாசிப்பதற்கு ஏதாவது கொடுத்துக்கொண்டேயிருந்தவர் அவர். துண்டுப்பிரசுரம், சிறு நூல், 1937இல் 'தொழிலாளர் அந்தரப் பிழைப்பு நாடகம்' என்று எழுதிக் குவித்தார். அவரது துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களில் பாடுவார். அவர் இயற்றிய பாடல்கள் 1940இல் சிறு பிரசுரமாக வந்தன. மேடையில் கேட்ட பாட்டைக் காகிதமாகக் கையில் வாங்கிச் செல்லும் தொழிலாளி, வீட்டில் வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம்தான் கொடுப்பான். அவருக்குப் பின் கோவிந்தசாமித் தேவர், ஜில் சுல்தான் போன்றோர் பாட்டெழுதி அச்சிட்டுத் தாமே பாடி விற்றார்கள். ஒரு சில சதத்துக்கு ஒரு பிரசுரம். பண்டித இலக்கியம் இவற்றைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனால் லயத்தில் எழுத்தை மங்கவிடாமல் வைத்ததில் இவற்றின் பங்கு பாடநூலின் பங்குக்குக் குறைந்ததல்ல என்றே நான் கருதுகிறேன்.

1930இல் வீரகேசரியும், 1932இல் தினகரனும் வந்தன. ஒரு பத்திரிகை ஒருவரால் வாங்கப்பட்டுப் பலரால் கேட்கப்பட்ட காலம். நகரத்துத் தேநீர்க் கடையில், முடிதிருத்தும் நிலையத்தில் சத்தமிட்டு வாசித்தார்கள். தோட்டத்தில் அந்த வேலை பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வந்து சேர்ந்தது. இந்தியாவிலிருந்து வரும் கடிதத்தை வாசிக்க ஒரு பிள்ளை, பதில் எழுத ஒரு பிள்ளை, கடையில் சாமான் சுற்றி வந்த பேப்பரில் என்ன போட்டிருக்கிறது என்று பாட்டி கேட்டால் வாசித்துச் சொல்ல ஒரு பிள்ளை. அப்படி வாசிக்கும் பிள்ளைக்கு விடுமுறை கிடையாது. தவணை முடிந்தாலும் கடிதம் வரும்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இந்தத் தேவையைக் கொடுமையான முறையில் பெருக்கியது. நாடற்றவர்களாக்கப்பட்டவர்கள், மறு ஆண்டில் வந்த சட்டத்தின் கீழ் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பிறப்புச் சான்றிதழ், வசித்ததற்கான அத்தாட்சி, படிவம், மேலும் படிவம். 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ 1,34,000 பேருக்கே கிடைத்தது. ஒரு எழுத்து மாறினால் ஒரு குடும்பம் நாடற்றுப் போகும் என்ற அனுபவத்தைப் பெற்ற சமூகம் இது. எழுத்தின் அருமையை எமக்கு எவரும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

நடேசய்யர் ஹட்டனுக்கு வந்த அதே 1931இல், எம்மவரில் பலரது பூர்வீகமான தஞ்சை மண்ணில் நடந்த ஒன்றை இங்கே நினைவுகூரலாம். மன்னார்குடிக்கருகே மேலவாசலில் எஸ். வி. கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். அரங்கநாதன் அதனைத் தொடக்கி வைத்தார். வாசகன் நூலகத்துக்கு வர முடியாவிட்டால் நூலகம் வாசகனிடம் போகட்டும் என்ற எளிய ஏற்பாடு. எமது மலைப்பாதையில் கொழுந்து லொறி போகும், அரிசி லொறி போகும், புத்தக வண்டி போவது எப்போதும் அருமை. புடவை வியாபாரியின் மூட்டைக்குள்ளும் பாட்டு விற்பவரின் பைக்குள்ளும்தான் எமது நடமாடும் நூலகம் இருந்தது.

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டில் நடைமுறைக்கு வந்தபோது, தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் அதற்கு வெளியே நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையான பிறகே, அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியிலிருந்து, அவற்றை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. இடையிலிருந்த முப்பது ஆண்டுகளில் ஐந்தாம் வகுப்பைத் தாண்ட வேண்டுமென்றால் நகரத்துக்குப் போக வேண்டும். போனவர்கள் சிலர். அந்தச் சிலரிலிருந்துதான் ஒரு இலக்கியத் தலைமுறை எழுந்தது.

ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் ஆசிரியராயிருந்து பின்னர் அதிபருமான இர. சிவலிங்கம் 1960களில் மலையக இளைஞரை வாசிக்கவும் எழுதவும் தூண்டியவர்களில் முதன்மையானவர். வட்டகொடை மடக்கும்புரையில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தாம் கேட்டு வளர்ந்த பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவை 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாயின. வானொலிக்கு நாடகம் எழுதிக்கொண்டிருந்த என். எஸ். எம். இராமையாவைச் சிறுகதைப் பக்கம் திருப்பியவர் அப்போது தினகரன் ஆசிரியராயிருந்த க. கைலாசபதி. 'ஒரு கூடைக் கொழுந்து' அப்படி எமக்குக் கிடைத்தது. தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராயிருந்து, 2022இல் மறையும் வரை அந்தத் தோட்டத்தின் பெயரையே தன் பெயராக வைத்திருந்த ஜோசப், ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியரின் மகன். வீட்டுக்குள்ளேயே புத்தகமிருந்த பிள்ளை. மலைநாட்டு எழுத்தாளர் மன்றத்தின் போட்டிக் கதைகள் 1971இல் 'கதைக் கனிகள்' என்று வெளிவந்தபோது, இந்த மக்களுக்குள் இத்தனை எழுத்தாளரா என்று வியந்தவர்கள் உண்டு. வியந்தவர்கள் லயத்து இரவுகளை அறியாதவர்கள்.

இப்பொழுது கடல்கடந்த ஒரு செய்தி. அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தில் பார்பரா ஹெயின்ஸ் என்ற சமூகவியலாளர் ஏறத்தாழ 3,000 மாணவரை ஆராய்ந்து 1978இல் ஒரு நூல் எழுதினார். பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளையும் வசதியான பிள்ளையும் அதிக வித்தியாசமின்றி முன்னேறுகிறார்கள். கோடை விடுமுறையில்தான் இடைவெளி விரிகிறது என்று அவர் கண்டார். விடுமுறையில் ஆறோ அதற்கு மேலோ புத்தகங்கள் வாசித்த பிள்ளைகள் மற்றவர்களை விட நன்றாகத் தேறியிருந்தார்கள். வீட்டுக்கருகே நூலகமிருந்தது அதற்கு உதவியது. பின்னர் பால்டிமோரில் ஆராய்ந்தவர்கள் இதற்குத் தண்ணீர்க் குழாயை உவமை சொன்னார்கள். பள்ளி திறந்திருக்கும்போது எல்லாப் பிள்ளைக்கும் குழாய் ஓடுகிறது. மூடினால் வசதியுள்ள வீட்டில் மட்டும் ஓடுகிறது. இழப்பின் அளவு பற்றிப் பிற்கால ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் பத்து வீட்டுக்கு ஒரு பீலி என்று வாழ்ந்தவர்களுக்கு அந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. பீலி அடைபட்டால் என்ன நடக்கும் என்று எமது பெண்களுக்குத் தெரியும்.

எமது பீலி அண்மையில் நீண்ட காலம் அடைபட்டது. 2020 மார்ச்சில் கொவிட் தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டன. திறப்பதும் மூடுவதுமாக 2021 முடியும் வரை இழுபட்டது. மூச்சு விடுவதற்குள் 2022இன் பொருளாதார நெருக்கடி. காகிதமில்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை பின்போடப்பட்டது. எரிபொருளில்லாமல் பாடசாலைகள் மீண்டும் மூடின. பாடம் தொலைபேசியில் வந்தது. தொலைபேசி ஒன்று, பிள்ளைகள் மூன்று, சிக்னல் மலையுச்சியில்.

சாதாரண தவணை விடுமுறையிலும் இழப்பு மறதியோடு நிற்பதில்லை. ஏப்ரலிலும் டிசம்பரிலும் கொழும்புக் கடையில் 'லீவுக்கு மட்டும்' நிற்கப்போகும் பையன்களை எல்லாத் தோட்டத்திலும் காணலாம். தவணை தொடங்கும், பையன் வந்திருக்க மாட்டான். கட்டாயக் கல்வி வயது 2016இல் 16 ஆக உயர்த்தப்பட்டிருக்கிறது. சட்டம் வகுப்பறையில் இருக்கும் பிள்ளையைக் காண்கிறது. விடுமுறைக்குப் போய்த் திரும்பாத பிள்ளை அதன் கண்ணில் படுவதற்குள் ஓராண்டு ஓடிவிடும். வசதியுள்ள பெற்றோர் ஐந்தாந்தரப் புலமைப்பரிசிலுக்கென்று விடுமுறையில் ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் டியூஷனுக்கு அனுப்புகிறார்கள். பஸ் காசு இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

பழைய லயத்தில் பிள்ளையை வாசிக்க வைத்தது வறுமையிலும் ஒரு தேவை. யாரோ ஒருவர் அந்தப் பிள்ளையிடம் 'இதை வாசித்துச் சொல்லு' என்று கேட்டார். இன்று இந்தியாவிலிருந்து கடிதம் வருவதில்லை, அழைப்பு வருகிறது. செய்தியைத் தொலைக்காட்சி சொல்லிவிடுகிறது. காமன் கூத்துப் பாட்டுக்கு யாரும் கொப்பி எழுதுவதில்லை, பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். அறுபது வயதுப் பாட்டி பேரப்பிள்ளையிடம் எதையும் வாசிக்கக் கேட்க வேண்டிய அவசியமில்லாமல் போய்விட்டது. நான் பழைய காலத்தைப் போற்றவில்லை. எழுத்தறியாத பாட்டியின் காலம் மீண்டும் வரவேண்டாம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதிலாக வேறெதையும் நாம் வைக்கவில்லை.

புத்தகமே இல்லையென்றும் இப்போது சொல்ல முடியாது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடன் நாட்டு உதவியில் தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடங்கள் வந்தன. ஜெர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி எழுந்தது. அங்கே பயின்ற தோட்டத்துப் பிள்ளைகள் இன்று தோட்டத்திலேயே ஆசிரியர்கள். நடேசய்யர் காலத்தில் சதக் காசுக்கு விற்றவை போன்ற பழைய மலையக வெளியீடுகளைத் தேடுவோருக்கு, 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் இருக்கிறது. பாடசாலை அலுமாரியிலும் கதைப் புத்தகங்கள் இருக்கின்றன. தவணையின் கடைசி நாளன்று அவற்றை எண்ணி, பதிவேட்டில் குறித்து, அலுமாரியைப் பூட்டுகிறார்கள். ஒன்று தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியர் என்பதால் அவரையும் குறை சொல்வதற்கில்லை. தொலைந்த புத்தகத்தைக் கணக்கிலிருந்து கழிக்க ஒரு சுற்றுநிருபம் போதும். பூட்டைத் திறந்து பிள்ளைக்கு இரண்டு புத்தகம் என்று கொடுத்தனுப்ப அதற்குமேல் எதுவும் தேவைப்படாது. மலைக்குப் போய்விட்டு மாலையில் வரும் தாய்க்கு அதை அந்தப் பிள்ளை வாசித்துக் காட்டட்டும்.